ஆயக்குடியில் இருபத்தாறு டிகிரி

பழனியில் என் கணவர், கொடைக்கானலில் நான். நடுவில் நாற்பது மைல் மலைப்பாதை. எழுபதுகளில் கல்யாணம் ஆகி ஒன்பது வருடம் நாங்கள் இப்படித்தான் இருந்தோம். அவர் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, நான் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். வாரம் இரண்டு தபால் கார்டு அவர் எழுதுவார், இரண்டு நான் எழுதுவேன். அந்தக் கார்டுகளில் நாங்கள் அன்பு எழுதவில்லை, டிகிரி எழுதினோம்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கார்டு என்றால் தபால்காரர் முதல் ஹாஸ்டல் வார்டன் வரை எல்லோரும் படித்துவிட்டுத்தான் நம் கையில் கொடுப்பார்கள். அதில் என்னத்தை எழுதுவது? மூடி ஒட்டிய கடிதம் எழுதலாமே என்று தோன்றும். ஒட்டிய கடிதம் வந்தால் வார்டன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், அது இன்னும் மோசம். அதனால் "இன்று காலை ஆறு மணிக்கு ஒன்பது டிகிரி, பனி" என்று நான் எழுதுவேன். "இங்கே இருபத்து மூன்று, காற்று இல்லை" என்று அவர் எழுதுவார். அந்த ஒன்பதுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவே என்ன இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும்.

தெர்மாமீட்டர் இரண்டும் பள்ளி லேபில் கழித்துப்போட்டவை. தலைமையாசிரியையிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரே டம்ளர் தண்ணீரில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது ஒன்று அரை டிகிரி கூடக் காட்டியது. அதைத்தான் அவருக்குக் கொடுத்தேன், அரையைக் கழித்து எழுதச் சொன்னேன். "கழித்துவிட்டேன்" என்று ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் எழுதுவார். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அதை எழுத மறந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

ஏன் பிரிந்து இருந்தோம் என்பதற்கு ஊருக்கெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தோம். அவருக்கு இரைப்பு. மே மாதத்தில் மேலே வந்தால் இரண்டு வாரம் தாங்குவார். ஜூனில் மேகம் இறங்கிவிட்டால் நெஞ்சு விசிலடிக்கும். எனக்கு வெயில் ஆகாது. கொடைக்கானலிலேயே பிறந்தவள். சின்ன வயதில் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் மூக்கில் ரத்தம் கொட்டி, பந்தியில் உட்காராமலே திரும்பி வந்தவள். மலைப் பள்ளிகளுக்குப் பெரிய லீவு குளிர்காலத்தில்தான் என்பதால் டிசம்பரில் நான் கீழே போவேன், மே மாதத்தில் அவர் மேலே வருவார். இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கிட்டே வரும் மாதங்களில் நாங்களும் கிட்டே வந்தோம். மற்ற மாதங்களில் கார்டு.

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்று தலைமையாசிரியை என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

என் கணவர் பழனியில் கோயில் மலையின் அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்திருந்தார். மேலே மொட்டை மாடி, பக்கத்தில் இன்னொரு மொட்டை மாடி, எதிரே இன்னொன்று. சந்தில் மண் கண்ணில் படாது. முதல் கோடையில் காலை ஆறு மணிக்கு முப்பத்தொன்று என்று எழுதினார். நான் நம்பவில்லை. எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டெழுதினேன். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன் என்றார். அது காற்றின் சூடு அல்ல, சுவரின் காய்ச்சல். துணிக்கொடியில் நடுவாகக் கட்டித் தொங்கவிடுங்கள் என்று எழுதினேன். அடுத்த கார்டில் இருபத்தொன்பது வந்தது. வார்டன் அந்தக் கார்டைக் கொடுக்கும்போது, "பரவாயில்லையே, ரெண்டு டிகிரி கொறஞ்சிருக்கு" என்றார்.

இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. கொடைக்கானலிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களை விடியலில் இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை ஏழுரோட்டுப் பக்கம் கடைத்தெருவிலும் இன்னொரு கூட்டத்தை அதே உயரத்தில் இருக்கும் புல்வெளியிலும் நிறுத்தினேன். புல்வெளியில் ஒரு டிகிரி; புல் வெள்ளையாக உறைந்து காலடியில் நொறுங்கியது. கடைத்தெருவில் நாலு, உறைபனி என்பதே இல்லை, தெருநாய்கள் தார் ரோட்டில் சுகமாகப் படுத்திருந்தன. மண்ணும் புல்லும் சாயங்காலமே ஆறிவிடும். கல்லும் சிமெண்டும் தாரும் கடைசி தோசை எடுத்த பிறகும் சுடுகிற கல்லைப்போலத்தான். பகலெல்லாம் குடித்த வெயிலை விடிய விடிய வெளியே விடும். பேக்கரி அடுப்பும் டீக்கடை பாய்லரும் வேறு. ஊர் என்று கூடினால் சூடும் கூடும் என்று பெண்களுக்குச் சொன்னேன். பரீட்சையில் நாலு பேர் அதை அப்படியே எழுதி வைத்தார்கள்.

மூன்றாவது வருடம், மே மாதத்தில் அவர் மேலே வந்திருந்தபோது ஒரு வார்த்தை விட்டேன். வாய்க்கொழுப்புதான். பேரிக்காய் மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். எப்போது கீழே வருவாய் என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கத்திரி வெயிலில் விடியற்காலை இருபத்தாறுக்கு மேல் போகாத ஒரு வீடு பழனிப் பக்கம் பாருங்கள், அன்றைக்கே பெட்டியைக் கட்டுகிறேன் என்றேன். கிடைக்காது என்று நிச்சயமாகத் தெரிந்துதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

அடுத்த சித்திரையில் கார்டுகள் திடீரென்று மாறின. இருபத்தொன்பது, இருபத்தொன்பது, முப்பது என்று வந்துகொண்டிருந்தது ஒரே வாரத்தில் இருபத்தாறு ஆனது. மறு கார்டிலும் இருபத்தாறு. மழை என்று ஒரு வார்த்தை இல்லை. பழனி பஸ் கண்டக்டரைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டேன். "சொட்டு மழ இல்லைங்க டீச்சர், தார் ரோடு எளகிக் கெடக்கு" என்றார். அப்படியானால் என் கணவர் காலை ஆறு மணிக்கு அந்த லாட்ஜ் அறையில் இல்லை. வேறெங்கோ இருக்கிறார், அது சிமெண்டு இல்லாத இடம், மரம் இருக்கிற இடம். எங்கே, யார் வீட்டில்? ஒரு பெண்ணுக்குப் புருஷன் மேல் சந்தேகம் வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. எனக்கு மூன்று டிகிரியால் வந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெருமாள்மலையில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள், நான் இறங்கவில்லை. வளைவுக்கு வளைவு ஸ்வெட்டரைக் கழற்றினேன், பிறகு ஸ்கார்ஃப், பிறகு சாக்ஸ். பழனியில் இறங்கியபோது என் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. லாட்ஜ் மேனேஜர் என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "சார் ராத்தங்கறது இல்லைங்களேம்மா. ஆபீஸ் விட்டதும் சைக்கிள எடுத்துக்கிட்டு ஆயக்குடிக்குப் போயிருவாரு. இன்னிக்கு லீவுதானே, அங்கதான் இருப்பாரு" என்றார்.

ஆயக்குடி நாலு மைல். டவுன் பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்தேன். தெர்மாமீட்டர் வைத்திருக்கிற சார் என்றதும் கொய்யாக் கூடை சுமந்து வந்த ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே வழி காட்டினார். தோப்பு நடுவில் ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு கிணறு. சுற்றிலும் கொய்யா மரங்கள். அந்த மண்ணில் அன்று காலைதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். வெளியே கொளுத்துகிற வெயில் அந்தத் தோப்புக்குள் வந்ததும் பல்லில்லாத கிழவியாகிவிட்டது. கொய்யா மரங்களுக்கு இடையே கட்டிய கயிற்றில் என் தெர்மாமீட்டர் தொங்கியது. அதன் கீழே பனியனோடு உட்கார்ந்து அவர் சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

யாரும் இல்லை. வேறு யாருமே இல்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, இது என்ன என்று கேட்டேன். கத்திரி உச்சத்தையும் பார்த்துவிட்டு மே மாதக் கடைசியில் மேலே வரும்போது சொல்லலாம் என்று இருந்தாராம். பாதியில் சொன்னால் நான் கணக்குப் பத்தாது என்பேனாம். முதலில் தோப்புக்காரரிடம் கெஞ்சி ஒவ்வோர் இடமாகக் கயிற்றைக் கட்டிப் பார்த்திருக்கிறார். கிணற்றுப் பக்கம்தான் குறைவு என்று கண்டுபிடித்து, நான் படுக்கும் கட்டில் எந்தச் சன்னல் பக்கம் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தார்.

"இருபத்தாறுக்கு மேல போகல. அரைய கழிச்சுட்டேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தோப்புக்குப் போய் நின்று அதைச் சொல்லிவிட்டு வர மனம் ஏங்குகிறது. உண்மை இதுதான். வெயில் ஒரு சாக்கு. என் அப்பா ஒரு மிஷன் பங்களாவில் சமையல்காரர். ஒரே அறையில் நாங்கள் ஏழு பேர் படுத்து வளர்ந்தோம். பள்ளிக் குவார்ட்டர்ஸில் எனக்குக் கிடைத்த அறைதான் என் வாழ்க்கையில் நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட முதல் கதவு. அந்தத் தாழை விட்டு வர எனக்கு மனம் இல்லை. ரோட்டில் போனால் எல்லோரும் டீச்சர் என்று சொல்லி ஒதுங்கி நிற்பதை விட்டு வரவும் மனம் இல்லை. அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. கார்டு வராத வாரத்தில் எனக்குச் சோறு இறங்காது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடந்தன.

இதை எப்படிச் சொல்வது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கொசு என்றேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றேன். மத்தியானம் எவ்வளவு என்று கேட்டேன். முப்பத்தாறு என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். விடியற்காலை சரி, மத்தியானம் யார் தாங்குவது என்றேன். அவர் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வெயில்தானா? வேற ஒண்ணும் இல்லைல்ல?"

"வெயில்தான்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. வெயில் என்றால் சரிசெய்துவிடலாமே என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு கூடை கொய்யாப்பழம் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். கூடை மலை ஏறி வரும்வரை மணத்துக்கொண்டே வந்தது. வார்டனுக்கும் மற்ற டீச்சர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தேன். நான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

அதன் பிறகு அவர் ஊரை விட்டு விலகி விலகிப் போனார். ஆயக்குடியில் இரண்டு வருடம். பிறகு அங்கேயும் ரோட்டோரத்தில் புதுக் கடைகள் மொட்டை மாடி போட ஆரம்பித்ததும், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியந்தோப்பில் வீடு பிடித்தார். அங்கிருந்து அலுவலகத்துக்கு ஆறு மைல். காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு, மிதித்துக்கொண்டே இருந்தார். கார்டில் மைல் எழுதமாட்டார், டிகிரி மட்டும். இருபத்தைந்தரை. மழை பெய்த மறுநாள் இருபத்து நாலு. மத்தியானம் முப்பத்து நாலு, முன்னைவிட இரண்டு குறைவு, கழித்துவிட்டேன். ஒவ்வொரு கார்டிலும் அவர் எனக்காக ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் ஒரு குறை கண்டுபிடித்தேன். வருடத்துக்கு ஒன்று போதும். ஒரு வருடம் பாம்பு, ஒரு வருடம் சர்ச் தூரம், ஒரு வருடம் பள்ளியில் என்னை விடமாட்டேன் என்கிறார்கள் என்று. தலைமையாசிரியை அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

எண்பதுகள் பிறந்துவிட்டன. ஒரு டிசம்பரில் நான் புளியந்தோப்பு வீட்டில் லீவுக்கு இருந்தபோது அவர் தலையில் நரையைப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்துவிட்டேன். அந்த ஒரு மாதம் போல நாங்கள் எந்த மாதமும் சந்தோஷமாக இருந்ததில்லை. ஜனவரியில் பள்ளி திறக்க நான் மேலே வந்துவிட்டேன். பத்தாவது நாள் கார்டு வந்தது: "வடகவுஞ்சி. காலை பதினொன்று. மத்தியானம் இருபது. இனி உனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது."

வடகவுஞ்சி மலைமேல் பாதி வழியில் இருக்கிற ஊர். பூண்டு விவசாயி ஒருவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, விடிவதற்குள் முதல் பஸ் பிடித்துப் பழனிக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். எனக்கும் ஆகாத வெயில் இல்லை, அவருக்கும் ஆகாத குளிர் இல்லை என்று கணக்குப் போட்டிருந்தார். அவர் கணக்கில் டிகிரி இருந்தது, மேகம் இல்லை. ஜனவரிக் காலையில் அந்தச் சரிவில் மேகம் எப்படி வந்து உட்காரும் என்பது எனக்குத் தெரியும். அது அவர் நெஞ்சை என்ன செய்யும் என்பதும் தெரியும். உடனே இறங்குங்கள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். இறங்கினால் நீ எப்போது வருவாய் என்று கேட்பார். நான்தான் அங்கே வருகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயுமே வரமாட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டையும் எழுத முடியாமல் "இங்கே ஒன்று, உறைபனி" என்று மட்டும் எழுதிப் போட்டேன். நான் செய்த பாவங்களில் அந்தக் கார்டைவிடப் பெரியது இல்லை.

ஒரு வாரத்தில் அந்தப் பூண்டு விவசாயியே பள்ளி வாசலில் வந்து நின்றார். வேட்டியில் மண், கையில் தலைப்பாகை. அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"டீச்சரம்மா, ஒங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. வெள்ளனே லாரியில ஏத்திப் பழனிக்கு அனுப்பிட்டோம். ஒங்க சோலி எல்லாம் கெடக்கட்டும், வெரசா கெளம்புங்க."

பழனி ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டு மத்தியானத்துக்கு மேல்தான் தணிந்தது. பேச முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மேலே குளிர் எப்படி என்பது. எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அறை, தாழ்ப்பாள், டீச்சர் என்ற சொல், ஆயக்குடிக் கிணற்றுத் தண்ணீர் உப்பே இல்லை என்பது.

"அப்ப வெயில் இல்லையா?" என்றார்.

"இல்லைங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தொட்டேன், கையை விலக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. சாயங்காலம் வந்த பாலைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டும்போது, "ரெண்டு செயின் தேஞ்சு போச்சு அந்தச் சைக்கிளுக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு வெகுநாள் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அடுத்த டீச்சர் கிடைக்கும்வரை இரு என்றார்கள். இருந்து, மே மாதம் கத்திரி நடுவில் பெட்டியோடு இறங்கினேன். டாக்டர் அவரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருந்ததால் வீடு அடிவாரத்தில்தான் அமைந்தது. முன்பு அவர் இருந்த லாட்ஜுக்கு அடுத்த சந்து. மேலே மொட்டை மாடி, மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், மரம் என்று பார்க்கக் கோயில் மலையைத்தான் பார்க்க வேண்டும். அந்த மலையும் ஒரே பாறை. பழனியிலேயே அதைவிடச் சூடான வீடு இருந்திருக்க முடியாது. முதல் நாள் காலையில் சுவரில் கை வைத்தால் சுட்டது. அந்த வீட்டில் பதினாறு வருடம் இருந்தோம், அவர் கண்ணை மூடும்வரை.

முதல் கோடையில் எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அவர் தினமும் நுங்கு வாங்கி வந்து, அந்தத் தண்ணீரைத் தடவி விசிறிவிட்டார். மூக்கில் ரத்தம் வரும் என்று ஈரத்துணியோடு காத்திருந்தோம், வரவில்லை. இரண்டாவது கோடையில் கழுத்தில் மட்டும் கொஞ்சம் பொரிந்தது. மூன்றாவது கோடையில் நுங்கு வாங்கிக்கொண்டு வந்து என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். திரும்பி உட்கார்ந்தேன். முதுகில் ஒன்றும் இல்லை. தோள்வரை பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், ஒரு பொரிகூட இல்லை.

"இவ்வளவுதானா டீச்சர்? இந்த வெயிலுக்கா ஒம்பது வருஷம்?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.